பத்து தடவை மூடித் திறந்தான்

அலுவலகத்தில் தம்பிக்கு டாக்டர் என்று பட்டப்பெயர். அங்கிருக்கும் இருநூறு லேப்டாப்களுக்கும் அவன்தான் வைத்தியம். ஆனால் அக்காவின் லேப்டாப்பைத் தொட மூன்று ஞாயிறு இழுத்தடித்தான். சொந்த வீட்டு வேலை என்றால் எந்த டாக்டருக்கும் கை வராது போலும்.

அக்காவுக்கோ தலைபோகிற காரியம். பிள்ளைகளுக்காக வேலையை விட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. எத்தனையோ விண்ணப்பம் போட்டதில் ஒரே ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. லேப்டாப் வழியாகத்தான், கைபேசி கூடாது என்று முன்பே எழுதிவிட்டார்கள். அந்த லேப்டாப்போ மூடிவைத்துத் திறந்தால் சில சமயம் எழுந்திருக்காது. உள்ளே விசிறி சுற்றும். திரை மட்டும் கரி பூசினாற்போல இருக்கும்.

நான்காம் ஞாயிறு வந்து உட்கார்ந்தான்.

"சமையலை முடிச்சிட்டு வந்து திறந்தாதான்டா இப்படி ஆகுது. உடனே திறந்தா நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா.

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீ என்ன சமைத்தாய் என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கிண்டல் வேறு. லேப்டாப் தானே எழுதிவைத்திருந்த பிழைக் குறிப்புகளை மேய்ந்தான். ஒவ்வொன்றிலும் கடைசி வரியில் நின்றது திரையை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள். புதியதைத் தூக்கிவிட்டுப் பழைய டிரைவரைப் போட்டான். மூடினான், திறந்தான். பத்து தடவையும் திரை பளிச்சென்று வந்தது. இனிமேல் தொல்லை இருக்காது என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நேர்காணல். காலையிலேயே எல்லாம் சரிபார்த்து மூடிவைத்த அக்கா, நல்ல உடையாக உடுத்தி, பதில்களைக் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திறந்தாள். விசிறி சுற்றியது. திரை கரி. தம்பிக்குப் போன் அடித்தாள். மீட்டிங்கில் இருந்தவன் எடுக்கவில்லை. அழுத்தி அணைத்து, மறுபடி போட்டு, அது சாவகாசமாக ஏதோ அப்டேட்டை முடித்து வழிவிட்டபோது மூன்று இருபது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. நேரத்துக்கு வராதவர்களை மறுபடி கூப்பிடுவதில்லை என்று நான்கு மணிக்கு மெயில் வந்தது.

சாயங்காலம் ஓடிவந்தவன், குறிப்புகளை இந்த முறை அவை பதிவான நேரத்தோடு சேர்த்துப் படித்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் மூடியிருந்தால் லேப்டாப் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகிறது. அதிலிருந்து எழும்போதுதான் டிரைவர் செயலிழந்துபோகிறது. அக்கா சொன்னது அப்படியே அங்கே இருந்தது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகாதபடி ஒரு செட்டிங்கை மாற்றினான். இரண்டு நிமிட வேலை. பழக்கதோஷத்தில் மூடிவிட்டு உடனே திறக்கப் போனான்.

அக்கா மூடியின்மேல் கையை வைத்தாள். "ஒரு மணி நேரம் உட்காரு."

உட்கார்ந்தான். நேர்காணலுக்கு உடுத்தியதை அவள் இன்னும் மாற்றவில்லை. நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. கடிகாரத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

ஒரு மணி நேரம் கழிந்து, மேலே பத்து நிமிடமும் போனபின் அவளே திறந்தாள். திரை உடனே வந்தது, அந்த மெயிலோடு. கரியாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அவன் மனதார நினைத்தான்.

"இப்ப சரியாயிடுச்சு," என்றாள் அக்கா. "இந்த ஒரு மணி நேரம் அன்னிக்கு உங்கிட்ட இல்லை."