தலைகீழாக அச்சான சிடி

அச்சு இயந்திரத்தின் வாயிலிருந்து தட்டு வெளியே வந்ததும் லேசியேலி குனிந்து பார்த்தாள். சிடியில் சிறுமி லுபேயின் முகம் இல்லை. வெள்ளை உடையும் சிரிப்பும் கலங்கி, மை துளித்துளியாகத் திரண்டு நின்றது. எடுத்துப் பார்த்தாள். அச்சிட வேண்டிய பக்கம் சுத்தமாக இருந்தது. குரல் பதிந்திருக்கும் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறாள்.

இந்தச் சிடிக்கு இரண்டு பக்கமும் வெள்ளி நிறம். ஒன்று மங்கல், மற்றொன்று பளபளப்பு. மழை இருட்டில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

டோங்காவின் தலைநகரான நுகுஅலோபாவில் எட்டு வருடமாகக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சிடி போட்டுக் கொடுப்பவள் அவள். முதலில் ஒரு நகல் எடு, பிறகுதான் அச்சிடு என்பது அவளே வைத்துக்கொண்ட சட்டம். இன்று சிசிலியா அவசரப்படுத்தியதில் அதை மீறிவிட்டாள்.

சிசிலியா லுபேயின் அத்தை. தகப்பனுடைய அக்கா சொல்லுக்கு டோங்கா வீடுகளில் மறுசொல் ஏது? மே மாதத்தில் பிள்ளைகளுக்கென்றே வரும் ஞாயிறன்று ஆறு வயது லுபே தேவாலயத்தில் மனப்பாடமாக வசனம் சொன்னாள். அவள் அப்பா பௌலியாசி அப்போது ஆஸ்திரேலியாவில், மில்துரா திராட்சைத் தோட்டத்தில் இருந்தான். மகள் முதன்முதலாகச் சபை முன் பேசியதை அவன் கேட்கவில்லை. ஆக்லாந்திலிருந்து வந்திருந்த விருந்தாளி ஒருவர் அதைப் பதிந்து, ஒரே ஒரு சிடியில் போட்டுக் கொடுத்துவிட்டு, தன் கருவியிலிருந்ததை அழித்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். அதைத்தான் சிசிலியா இன்று மாலை விமானத்தில் தம்பியிடம் கொண்டுபோகிறாள்.

"காகிதம் ஒட்டுனா சூட்டுல உரிஞ்சுரும். தட்டு மேலயே புள்ள முகத்த அடிச்சுக் கொடு. கேட்கும்போது பார்த்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போயிருந்தாள்.

உறையில் வைத்து மூடிக் கொடுத்துவிட்டால் என்ன? மில்துராவில் போய்த் திறக்கும்போதுதானே தெரியும். வழியில் கெட்டுப்போயிற்று என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணம் ஓடி வந்த வேகம் லேசியேலிக்கே பயமாக இருந்தது. 'ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும்' என்று முணுமுணுத்தாள்.

கதவு திறந்தது. நனைந்த குடையும் இரண்டு கூடைக் கிழங்குமாகச் சிசிலியா உள்ளே வந்தாள்.

"முடிஞ்சுதா? டாக்சிக்காரன் வெளிய நிக்கிறான். என்னை ஏத்துனா வண்டி சாயும்னு பயப்படுறான், பாவம்."

"சிசிலியாக்கா, உட்காருங்க. தப்பு பண்ணிட்டேன்." லேசியேலி சிடியை நீட்டினாள். "தலைகீழா வச்சுட்டேன். குரல் இருக்குற பக்கத்துல மை. நகலும் எடுக்கல. எல்லாம் என் தப்புதான்."

சிசிலியாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிற்று. தட்டை வாங்கி, சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். லேசியேலி வசவுக்குத் தயாராக நின்றாள்.

"ஏண்டி," என்றாள் சிசிலியா மெதுவாக, "இந்த மை ஒட்டவே இல்லையே. சேம்பு இலைத் தண்ணி மாதிரில்ல உருளுது? கொஞ்சம் நல்ல தண்ணி குடு."

அப்போதுதான் லேசியேலிக்கும் உறைத்தது. மை உறிஞ்சும் பூச்சு மங்கல் பக்கத்தில்தான் உண்டு. இது வெறும் வழுவழுப்பான பிளாஸ்டிக். பதற்றத்தில் அறிவு ஓடிவிட்டது.

மெல்லிய பருத்தித் துணியை நனைத்தாள். சுற்றித் தேய்த்தால் கீறல் விழும் என்று நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, ஒரே இழுப்பாகத் துடைத்தாள். நீலம் போயிற்று, சிவப்பு போயிற்று. பதினோராவது இழுப்பில் தட்டு பளிச்சென்றது. அதைக் கணினியில் போட்டாள்.

முதலில் ஒரே இரைச்சல். பிறகு ஒரு சின்னக் குரல். "தேவன் அன்பாயிருக்கிறார்..." நடுவில் மறந்து ஒரு கணம் மௌனம். யாரோ கிசுகிசுத்தார்கள். குரல் முன்னைவிடச் சத்தமாகத் தொடர்ந்தது. சபை முழுவதும் "மாலியே! மாலியே!" என்று பாராட்டி ஆரவாரித்தது.

சிசிலியா அழுதாள். லேசியேலியும் அழுதாள்.

"அக்கா, நீங்க என்னைத் திட்டவே இல்லையே."

"திட்டணும்னுதான் தோணுச்சு. ஆனா நீயே முந்திக்கிட்டு ஒத்துக்கிட்ட. அதுக்கு மேல என்னத்தத் திட்டுறது? அவசரப்படுத்துன எனக்கும் பங்கு உண்டுல்ல. இப்பவாவது நகல் எடுடி! ரெண்டு எடு."

இரண்டு நகல்கள் தயாராயின. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மங்கல் பக்கம் மேலே இருக்கிறது என்று இருவரும் சொல்லிக்கொண்ட பிறகே அச்சுக்கு வைத்தார்கள். இரண்டு தட்டிலும் லுபே முன்பல் இல்லாமல் சிரித்தாள்.

"இது காயணும் அக்கா. ஈரத்தோட மூடுனா உறையில ஒட்டிக்கும்."

"அப்ப மூடவே வேண்டாம். ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு இங்கேயே காயட்டும். அசலைப் பிள்ளையோட அம்மாகிட்ட கொடுத்துரு."

சிசிலியா ஒரு சிடியின் நடுத்துளையில் விரலை நுழைத்து, முகத்தை மேலே பார்க்கப் பிடித்துக்கொண்டாள். மழை இன்னும் விடவில்லை. லேசியேலி குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் அந்தத் தட்டுக்குப் பிடித்தபடி டாக்சிவரை நடந்தாள். முழங்கைவரை நனைந்தும் குளிரவில்லை.

"மில்துரா வரைக்கும் இப்படியேவா அக்கா?"

"ஆமா. பக்கத்துச் சீட்டுக்காரன் கேட்டா, என் தம்பி மகள்னு சொல்லுவேன்."