பாக்கர் கடையின் முதல் போணி

திருப்பாலைக்குடி பஜாரில் பாக்கர் புதிதாகத் திறந்த பலசரக்குக் கடையில், நோன்புப் பெருநாள் கழிந்து ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்வரை காலை ஏழு மணியாகவே இருந்தது. பக்கத்து சைக்கிள் கடையில் மதியம் ஆகும், பொழுது சாயும், லாந்தர் ஏற்றுவார்கள். பாக்கர் கடைக்குள் மட்டும் கிழக்கு வெயில் அரிசி மூட்டைமேல் சாய்ந்தபடி கிடக்கும். திறப்பன்று போட்ட சாம்பிராணிப் புகை கலையாமல் விட்டத்தடியில் நிற்கும். இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? கடைக்கு இன்னும் போணி ஆகவில்லை. முதல் வியாபாரமே நடக்காத கடையில் பொழுது எப்படி நகரும்?

யாரும் வாங்காததற்குக் காரணம் பகை இல்லை, பாசம். நிக்காஹ் ஆன கையோடு கொழும்புக்குக் கப்பலேறி, இன்னொருவர் கடையில் பொட்டலம் மடித்தே இளமையைக் கழித்த பிள்ளை. இனிப் பெண்டாட்டியைப் பிரியக்கூடாது என்றுதான் சொந்தமாகக் கடை போட்டிருக்கிறான். அப்பேர்ப்பட்ட கடைக்கு முதல் போணி ராசியான கையாலல்லவா ஆகவேண்டும்! சோணைமுத்து உப்பு வாங்க வந்து வாசலோடு திரும்பினான். "நம்ம கை வெளங்காத கை. நம்மளால பாய் கடை படுத்துறக் கூடாது." ராமலெட்சுமிக்கு வாங்கிய மாடெல்லாம் வற்றிப்போன கவலை. ஊரிலேயே வசதியான சதக் ஹாஜியார், தான் போணி பண்ணிய ரைஸ் மில் எரிந்துபோனதை நினைத்து அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. பெண்கள் மட்டும் இருட்டினதும் சுளகோடு வந்து, கடைவாசல் வெயிலில் அரிசியில் கல் பொறுக்கிவிட்டு, புளிக்கும் மிளகாய்க்கும் அடுத்த கடைக்குப் போனார்கள். நல்ல ஊர்!

போணி ஆகாமல் கடையை எடுத்துவைத்தால் விளங்காது என்று பாக்கர் வீட்டுக்கே போகவில்லை. சோறு கடைக்கு வந்தது. உள்ளே எப்போதும் காலையாகவே இருந்ததால் தூக்கமும் வரவில்லை. மதியம் லுஹர் பாங்கு சொன்னால் எழுந்துபோய்த் தொழுதுவிட்டு வருவான்; வந்து உட்கார்ந்தால் மறுபடி ஏழு மணி. பிரியக்கூடாதென்று வந்தவன், நாலு வீடு தள்ளியிருந்த பெண்டாட்டி தாஜுன்னிசாவை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தான். பெருநாளுக்குள் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக எழுதி, கொழும்பிலிருந்து பழைய முதலாளி கப்பல் டிக்கெட்டே அனுப்பிவிட்டார். பாக்கர் அதை வாங்கிக் கல்லாவில் வைத்தான்.

அது தாஜுன்னிசாவின் காதுக்கு எட்டியது. அவள் கை ராசி இல்லாதது என்பதில் ஊருக்கு ஒரே அபிப்பிராயம், அவளுக்கும் அதேதான். அவள் மருதாணி வைத்துவிட்ட பெண்ணுக்கு நிச்சயித்த கல்யாணமே நின்றுபோனது. அப்படிப்பட்டவள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, பஜாரே பார்க்க நடந்துவந்து கடைமுன் நின்றாள்.

"கால்படி உளுந்து போடுங்க, மச்சான்."

"ஒன் கையாலயா புள்ள?" பாக்கர் கல்லாவை விட்டு எழுந்தான்.

"என் கை வெளங்காத கைதான். கடை போனா இன்னொண்ணு வச்சுக்கலாம். நீங்க போனா எனக்குத் தாங்காது."

பாக்கர் பிஸ்மில்லா சொல்லி அளந்தான். அவள் காசைக் கையில் வைத்ததும், வராமல் நின்ற மதியங்களும் ராத்திரிகளும் வரிசையாகக் கடைக்குள் வந்துபோயின. சுவரில் அடித்த சுண்ணாம்பு மங்கியது. காலண்டர் தாள்கள் தாமே கிழிந்தன. பாக்கருக்குத் தாடி நெஞ்சுவரை இறங்கியது. வாசலில் நின்ற சனம் அது முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்து, பிறகு முண்டியடித்துக்கொண்டு வாங்கியது. அந்தத் தள்ளுமுள்ளில் பொட்டலத்துக்குத் தாள் தீர்ந்துபோக, கப்பல் டிக்கெட்டில் பெருங்காயம் மடித்துக் கொடுத்தான் பாக்கர்.

இருட்டினதும் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றாள் தாஜுன்னிசா.

"கடையில கொஞ்சம் வேலை."

"கை கழுவிட்டு வாங்க. சோறு ஆறிருச்சு, சூடு பண்றேன்."