வரப்பில் காய்த்த அவரை

எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். அன்று நான் போட்ட கத்தல் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாம். என் புருஷன் துளசிராமன் இன்னும் சொல்லிச் சிரிப்பார். கத்தாமல் என்ன செய்வது?

வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் நிலம், பாகம் பிரிக்காத சொத்து. அதை லாரி நிறுத்த வாடகைக்கு விட வேண்டும் என்பது அவருடைய அண்ணன் சுப்பராயன் மாமாவின் முடிவு. தேர்வாய் கண்டிகைப் பக்கம் கம்பெனிகள் வரப்போகின்றன, ஜல்லி கொட்டிவிட்டால் உட்கார்ந்தே சாப்பிடலாம் என்றார். ஜல்லி விழுந்த மண்ணில் அப்புறம் புல்லாவது முளைக்குமா? மல்லுக்கட்டி, காய்கறி போட ஒரே ஒரு போகம் கேட்டு வாங்கினேன்.

"சரி, பண்ணு. பொங்கலுக்குள்ள ஒழுங்கா காய் வரலேன்னா லாரிக்கார பாஷா பாய்க்கு வுட்டுடுவேன், ஆமா" என்றார் மாமா.

ஆவணியிலேயே நாற்று விட்டேன். புரட்டாசியில், மழைக்கு முன்னால், கோலமாவை எடுத்துப்போய்த் தோட்டத்தையே தரையில் வரைந்தேன். வேலியோரம் அவரை, நடுவில் கத்தரி, கிணற்றுப் பக்கம் வெண்டையும் மிளகாயும். எங்கே மேட்டுப்பாத்தி, எங்கே வாய்க்கால் என்று எல்லாவற்றுக்கும் கோடு. பிறகு தங்கச்சி வளைகாப்புக்குப் பொன்னேரி போனேன்.

திரும்பி வந்தால் நான் போட்ட கோடு ஒன்றையும் காணோம். அரை ஏக்கரும் கணுக்கால் சேறு, சுற்றிலும் குறுக்கிலும் வரப்பு. நெல்லைத் தவிர எதையும் நட்டறியாத என் புருஷன், எனக்கு ஒத்தாசை செய்வதாக நினைத்து, தண்ணீர் கட்டி உழுது நடவுக்குத் தயாராக வைத்திருந்தார்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கிற? கத்திரிச் செடி இன்னா சம்பா நெல்லா? வேரு அழுகிப் பூடும்யா!"

"சேறு அடிக்காம எப்டி மே நடுறது?" என்றார் பாவம் போல.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சேறு காய்ந்து மண் பொலபொலப்பதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். போகமும் போச்சு, நிலமும் போச்சு என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரப்பு கொஞ்சமும் அமுங்கவில்லை. அவர் போடும் வரப்பு எந்த மழைக்கும் உடையாது என்பது ஊருக்கே தெரியும். ஒரு நிமிஷம் யோசித்தேன்.

"இன்னும் அகலமா போடு. சேத்த வாரி மேல ஏத்து, எருவும் வைக்கோலும் கலந்து போடு" என்றேன். "வயலே வாணாம். வரப்பு மேலயே நடுறேன்."

வயலை விட்டுவிட்டு வரப்பில் நடுகிறாள் பார் என்று தெருவே சிரித்தது. ஐப்பசியில் பிடித்தது மழை, ஐயோ, விடவே இல்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் செடியெல்லாம் முங்கி அழுகியது. எங்கள் தோட்டத்தில் வரப்புகளுக்கு நடுவேதான் தண்ணீர் நின்றது, மேலே இருந்த செடியைத் தொடவில்லை. நானும் அவரும் மாற்றி மாற்றி மடையை வெட்டிவிட்டோம். ஒரு வரப்புகூடக் கரையவில்லை.

மார்கழியில் ஒருநாள் காலையில் பின்கதவைத் திறந்தேன். அம்மாடி! வேலி தெரியவில்லை, அத்தனையும் ஊதா அவரைப்பூ. பூவுக்குக் கீழே கொத்துக் கொத்தாகக் காய். கத்தரி இலைக்குள் எங்கே கை விட்டாலும் காய் இடித்தது. ஒரு கைப்பிடி விதை, இத்தனையையும் எங்கே ஒளித்து வைத்திருந்தது? உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதற்கும் கத்துகிற நான் காயை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

"இன்னா மே, திட்ட ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார் அவர்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மாமா வந்தார். கூடவே லாரி வைத்திருக்கும் ஹயாத் பாஷா பாயும், அளக்கிற டேப்போடு. "அளந்துக்க பாய்" என்று சொல்லிக்கொண்டே வந்த மாமா, பின்கதவைத் தாண்டியதும் அப்படியே நின்றார். "யா அல்லா" என்றார் பாய். டேப்பை விரிக்கவே இல்லை.

மாமா செருப்பைக் கழற்றிப் படியிலேயே விட்டார். வரப்பில் ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மெதுவாக நடந்தார். அவரைக்காயைத் தொட்டுப் பார்த்தார், பறிக்கவில்லை. திரும்பி வந்து, "வேற எடம் பாத்துக்க பாய்" என்றார்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"எல்லாத்தையும் பறிச்சிடாதம்மா. வெதைக்கு நாலு காய் முத்த வுடு."