ஓம் சொன்னவர்கள்

"பின்வரிசைக் கதிரைகளை எடுத்துவிடட்டுமா?" என்று இறுதிச்சடங்கை ஒழுங்கு செய்த மலர்ச்சாலைக்காரர் ரஞ்சினியின் காதுக்குக் கிட்டக் குனிந்து ஜெர்மனில் கேட்டார். கேட்கும்போதே ஒரு கதிரையை மடக்கிக் கையில் எடுத்துவிட்டார். வெறுங்கதிரைகளைக் கண்டால் வீட்டுக்காரருக்கு மனம் நோகும் என்பது அவருடைய தொழில் அவருக்குப் பழக்கிய நாகரிகம்.

"இருக்கட்டும். வருவார்கள்," என்றாள் ரஞ்சினி.

யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். புதன்கிழமை காலை. ஜெர்மனியின் இந்த ஹம் நகரில் இருக்கிற தமிழ்ச்சனத்தில் பாதி இந்த நேரம் தொழிற்சாலையில் நிற்கும். மீதி முதியோர் இல்லத்தில் யாராவது ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும். முன்வரிசையில் மகள் தேனுஜாவும், செத்தவரின் தமக்கை செல்லமும், அவரோடு ஒன்றாக வேலை செய்த அசோகனும், பக்கத்து வீட்டு ஜெர்மன் கிழவனும் கிழவியும் இருந்தார்கள். ஐயர் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்த்தார். பெட்டிக்குள் அவளுடைய புருசன் சிறீதரன் பட்டு வேட்டியும் திருநீறுமாகப் படுத்திருந்தார். வாழ்க்கையில் ஒருநாளும் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

"இப்பிடியோ ஒரு மனுசனை அனுப்புறது?" செல்லம் யாரிடமும் கேட்காத மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "என்ர தம்பிக்கு வாற சனத்துக்கு இந்த மண்டபம் இடம் காணாமப் போயிருக்கும். சனிக்கிழமை எண்டால் பாரிசிலை இருந்தும் சனம் வந்திருக்கும். ஆற்ர புத்தியோ."

புத்தி ரஞ்சினியுடையதுதான். தகனமண்டபத்தில் நேரம் குறிக்க இரண்டு டெர்மின் இருந்தன. ஒன்று புதன் காலை, மற்றது சனி பின்னேரம். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "சனியை எடுப்பம் என்னம்மா? அப்பத்தான் எல்லாரும் வருவினம்," என்று தேனுஜா கேட்டபோது வீட்டில் நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ரஞ்சினி, "புதன்," என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. புருசனைப் பறிகொடுத்தவளிடம் யார் தோண்டித் துருவிக் கேட்பது?

சனிக்கிழமை பின்னேரம் ஹம்மில் ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் றக்பி லீக் ஆட்டம் இருந்தது. அந்த ஆட்டத்துக்குச் சனம் சேர்க்க அலைந்துதான் சிறீதரன் செத்தார். ஆட்டத்துக்கு வரக்கூடிய சனமும் அவருடைய செத்தவீட்டுக்கு வரக்கூடிய சனமும் ஒரே சனம். சனிக்கிழமை அவரை எரித்தால், அவர் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்த கொஞ்சநஞ்சப் பேரையும் அவருடைய பெட்டியே இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு மட்டும் தான் காரணமாக இருக்கக்கூடாது என்று ரஞ்சினி நினைத்தாள். ஏற்கெனவே இருக்கிற காரணங்கள் போதும்.

சிறீதரனுக்கு அந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது தற்செயலாகத்தான். கிழமை நாட்களில் களஞ்சியசாலையில் வேலை, சனி ஞாயிறில் வாடகைக்குச் சின்ன பஸ் ஓட்டுவார். ஒருமுறை ஸ்டேசனில் இறங்கிய விளையாட்டுக்காரரை மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டார். இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொல்ல, மழைக்குள் இருந்து பார்த்தார். புதுக் கலியாணம் கட்டினவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

"முட்டை மாதிரிப் பந்து, ரஞ்சி. பதின்மூண்டு பேர். பிடிச்சு விழுத்தினாலும் எழும்பி, பந்தைக் காலாலை பின்னுக்குத் தள்ளிப்போட்டுத் திரும்ப ஓடலாம். ஆறு தரம் விழலாம். இது எங்கட சனம் பாக்க வேண்டிய விளையாட்டு."

அன்றைக்குத் தொடங்கியது. ஜெர்மன் அணியின் ஆட்டங்களை ஒழுங்கு செய்கிற டொறத்தி என்ற பெண்ணுக்கு அவர் வலது கையாகிப் போனார். தமிழ்க் கடைக் கண்ணாடியில் அரிசி மலிவு விளம்பரத்துக்குப் பக்கத்தில் போஸ்டர் ஒட்டினார். கோயில் தேருக்கு வந்தவர்களிடம் நோட்டீஸ் கொடுத்தார். கலியாணவீட்டில் ஆட்களைப் பிடித்தார், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டில் பிடித்தார். ஒரு செத்தவீட்டுச் சாப்பாட்டில், இலையில் கறி விழுவதற்கு முன்னமே பக்கத்தில் இருந்தவரிடம் ஆட்டத்துக்கு வாறியளோ என்று கேட்டார். சனம் அவருக்கு முட்டைப்பந்தார் என்று பெயர் வைத்தது. அது கிடக்கட்டும். கடையில் மரக்கறி வாங்க நின்றபோது யாரோ, "உவதான் முட்டைப்பந்தாற்ர மனிசி," என்றதைத்தான் ரஞ்சினியால் தாங்க முடியவில்லை.

போன வருடம் கோயில் அன்னதானத்துக்குப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்த இடத்தில் அவளே பெண்களிடம் சொன்னாள்.

"அவர் வந்து கேட்டா ஓம் எண்டு சொல்லிப்போட்டு விடுங்கோ. போகாதேங்கோ. அந்தக் குளிருக்கை நிண்டு இடுப்பும் நாரியும் பிடிக்கிறதுதான் மிச்சம். ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொன்னா மனுசன் சோந்து போயிடும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரண்டொரு தரம் ஆள் வராமல் போனால் தானாக அடங்கிவிடுவார் என்றுதான் நினைத்தாள். பெண்கள் சிரித்தார்கள். வீட்டுக்குப் போய்ப் புருசன்மாருக்கும் சொன்னார்கள். அதற்குப் பிறகு சிறீதரன் கேட்ட இடமெல்லாம் ஓம் அண்ணை, கட்டாயம் வாறம் அண்ணை என்ற பதில்தான். அவர் சந்தோசத்தில் ஒரு பக்கப் படிக்கட்டு முழுக்கத் தமிழர்தான் என்று டொறத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். டொறத்தி பாவம், இன்னொரு வாசலையும் திறக்க ஒழுங்கு செய்தாள். சனம் வந்தால்தான் அடுத்த ஆட்டத்தையும் ஹம்முக்குத் தருவார்களாம்.

போன வருட ஆட்டத்துக்கு ஓம் சொன்ன ஒருவரும் வரவில்லை. அசோகன் மட்டும் தன் பெடியனோடு போனான். ஆட்டம் முடியும்வரை சிறீதரன் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாராம். நனைந்து வந்தவர், "சனத்துக்கு வேலை போலை," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டார். இந்த வருடம் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினார். போன வியாழன் ஸ்டேசனடியில் போஸ்டர் ஒட்டிவிட்டு வந்து தன் சின்ன பஸ்ஸில் ஏறி, பெல்ட்டும் போட்டுக்கொண்டு அப்படியே இருந்துவிட்டார். யாரோ கண்ணாடியில் தட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

ஐயர் சொல்லச் சொல்ல ரஞ்சினி வாய்க்கரிசி போட்டாள். அரிசி அவருடைய மீசையில் சிந்தியது. தேனுஜா அதைத் தட்டிவிட்டாள். பெட்டி உள்ளே போனதும் செல்லம் குழறி அழுதாள். மண்டபத்தில் ஆள் இல்லாததால் அந்த அழுகை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

வெளியே வந்தபோது அசோகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"புதன்கிழமை ஏன் எடுத்தனீங்கள் எண்டு எனக்கு விளங்குது, அக்கா," என்றான்.

"என்ன விளங்குது?"

"அண்ணைக்குத் தெரியும். நீங்கள் கோயிலிலை சொன்னது."

ரஞ்சினி அவனைப் பார்த்தாள்.

"நான்தான் சொன்னனான். போன முறை அந்த மழைக்கை நிண்டு, சனம் ஓம் எண்டதே அசோகன், ஓம் எண்டதே எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டார். எனக்குப் பொறுக்கேலாமப் போட்டுது. என்ர மனிசி அங்கை இருந்தவதானே. குறை நினையாதேங்கோ."

"என்ன சொன்னவர்?"

"முகத்து மழைத்தண்ணியைத் துடைச்சவர். பிறகு சிரிச்சவர். அவளைப் பாத்துச் சனம் சிரிக்குது, அவள் என்ன செய்வாள் எண்டார்." அசோகன் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டான். "அப்ப முதல்லை அக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன், அக்கா வந்தா மற்றப் பொம்பிளையளும் வருவினம் எண்டன். அதுக்கு, கேக்கப் பயமாக் கிடக்கு எண்டவர். கேட்டா அவளும் ஓம் எண்டு சொல்லிப்போடுவாளாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போனான். ரஞ்சினி நின்ற இடத்திலேயே நின்றாள். உண்மைதான், அவர் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. ஊர் முழுக்கக் கேட்டவர் வீட்டில் கேட்கவில்லை. அது தன்மேல் உள்ள மரியாதை என்று அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். ஒரு வருடம் முழுக்க எல்லாம் தெரிந்துகொண்டே அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டு, அவளுக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்து, கால் பிடித்துவிட்டு இருந்திருக்கிறார். திட்டியிருந்தால் ஒன்றுக்கொன்று சரியென்று போயிருக்கும். அவர் திட்டவில்லை. இனித் திட்டவும் மாட்டார்.

பின்னேரங்களில் வீட்டுக்குச் சனம் துக்கம் கேட்க வந்தது. புதன்கிழமை லீவு கிடைக்கேல்லை அக்கா என்று எல்லோரும் குறைப்பட்டார்கள். பாயில் இருந்தபடி ரஞ்சினி ஒவ்வொருவரிடமும் சொன்னாள்:

"செத்தவீட்டுக்கு வராட்டிப் பரவாயில்லை. சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போங்கோ. அவருக்காக."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவளுடைய கையைப் பிடித்து, "ஓம் அக்கா, கட்டாயம் போவம்," என்றார்கள். அந்த ஓமை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளே வெட்டிக் கொடுத்த காசு இப்போது அவளுடைய கைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. செல்லாக்காசு என்று தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவரும் இப்படித்தான் வாங்கியிருப்பார்.

மூலையில் இருந்த செல்லம் மட்டும் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னாள். "எனக்கு ஏலாது. முப்பத்தொண்டாம் நாள் காரியமும் முடியேல்லை, செத்தவீட்டுத் துடக்கோடை விளையாட்டுப் பாக்கப் போறதோ? உனக்கு விசரே?"

சனிக்கிழமை மதியம் தேனுஜா மறித்தும் கேட்காமல் ரஞ்சினி கோட்டை மாட்டிக்கொண்டு போனாள். மைதானத்தில் டொறத்தி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாசலையும் திறக்கவா, உங்கள் ஆட்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டாள்.

"எல்லோரும் ஓம் என்றார்கள்," என்றாள் ரஞ்சினி. டொறத்தி வாசல் பூட்டின் திறப்பை எடுக்க ஓடினாள்.

ரஞ்சினி வாசலில் நின்றாள். எதிரே பஸ் தரிப்பிடம். ஒரு பஸ் வந்தது. இரண்டு ஜெர்மன் பெடியன்கள் கொடியோடு இறங்கினார்கள். அடுத்த பஸ்ஸில் அசோகனும் பெடியனும் வந்தார்கள். அவன் ஒன்றும் கேட்காமல் தலையை அசைத்துவிட்டு உள்ளே போனான். அதற்குப் பிறகு வந்த பஸ் நிற்காமலே போனது. உள்ளே இரண்டு நாட்டுக் கீதங்களும் முடிந்தன. செத்தவீட்டுக்கு வந்திருக்கக்கூடிய சனத்தையும் தடுத்தாயிற்று, ஆட்டத்துக்கும் ஆளில்லை, இரண்டு தரம் அவரை வாசலில் நிற்க வைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். திறந்துவைத்த இரண்டாவது வாசலில் டிக்கெட் கிழிக்க நின்றவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்னொரு பஸ் வந்து நின்றது. கதவு திறந்து கனநேரம் யாரும் இறங்கவில்லை. பிறகு ஒரு ஊன்றுகோல் வெளியே வந்தது. பின்னால் செல்லம், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக இறங்கினாள். ரஞ்சினி ஓடிப்போய்த் தாங்கினாள்.

"மச்சாள், நீங்கள் ஏலாது எண்டனீங்கள்."

"ஓம், எண்டனான்." செல்லத்துக்கு மூச்சு வாங்கியது. "போன வருசமும் அவன் போன் எடுத்துக் கேட்டவன். அப்பவும் அதைத்தான் சொன்னனான். கால் ஏலாது, குளிர் ஏலாது எண்டு. ஊரெல்லாம் ஓம் எண்டுது அக்கா, நீங்கள் ஒராள்தான் ஏலாது எண்டுறியள் எண்டான்." அவள் மூக்கைத் துடைத்தாள். "வாயாலையெண்டாலும் ஒரு ஓம் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்துக்கெண்டாலும் அவன்ர மனம் ஆறியிருக்கும். எனக்கு அதுதான் நித்திரை இல்லை, ரஞ்சினி."

ரஞ்சினி ஊன்றுகோலை மச்சாளின் மற்றக் கைக்கு மாற்றிக் கொடுத்தாள். மச்சாளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

படிக்கட்டில் அங்கொருவர் இங்கொருவராகச் சனம் இருந்தது. செல்லத்துக்கு ஏற முடியாததால் இரண்டாவது வரிசையிலேயே இருந்தார்கள். மைதானத்தில் ஆட்கள் முட்டி மோதி விழுந்தார்கள். விழுகிற சத்தம் இவ்வளவு பலமாகக் கேட்கும் என்று ரஞ்சினி நினைத்திருக்கவில்லை.

"இதிலை எங்கட ஆக்கள் எது?" என்று செல்லம் கேட்டாள்.

ஒரு பக்கம் வெள்ளைச் சட்டை, மறுபக்கம் சிவப்புச் சட்டை. ரஞ்சினி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரியாது, மச்சாள்," என்றாள். பிறகு முன்வரிசையில் இருந்த ஜெர்மன்காரரின் தோளைத் தொட்டு, கேட்பதற்காகக் குனிந்தாள்.