ரிப்பேருக்குப் போன துப்பாக்கி

ஆர்லிஸ் டக்கெட்டை இடுப்பில் துப்பாக்கி இல்லாமல் பார்த்தவர்கள் எங்கள் ஊரில் அதிகம் இல்லை. சர்ச்சுக்கும் அதோடுதான் போவார், மாட்டுத் தீவனம் வாங்கவும் அதோடுதான் போவார். பல் பிடுங்கிக்கொள்ளப் போன அன்றும் அதோடுதான் நாற்காலியில் சாய்ந்தார். வீட்டு கேட்டில் ஒரு பலகை வேறு: 'இங்கே போலீஸைக் கூப்பிடுவதில்லை.' அதாவது, திருடன் வந்தால் துப்பாக்கிதான் பேசும். ஓக்லஹோமாவில் எங்கள் மூலைக்குக் கூப்பிட்டாலும் போலீஸ் சீக்கிரம் வராது என்பது தனிக் கதை. ஊரில் கடைசியாகக் களவு போனது ஒரு பூசணிக்காய்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குத் துப்பாக்கிக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. அவர் வைத்திருக்கும் மாடல் கீழே விழுந்தால், விசையைத் தொடாமலே வெடித்துவிடுகிறதாம். திருப்பி அனுப்பினால் இலவசமாகச் சரிசெய்து தருவார்களாம்.

"இதைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் தூங்கினோம்?" என்றாள் மனைவி நோரீன்.

"என் கையில இருக்குறது எதுவும் கீழ விழாது."

"நேத்து சோள ரொட்டியைத் தட்டோட கீழ போட்டது பக்கத்து வீட்டுக்காரனா?"

ஆர்லிஸ் எழுந்து போய் ஒரு அட்டைப் பெட்டி எடுத்து வந்தார். குண்டுகளை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்து ஒட்டினார். பெட்டிக்கு வெளியே துப்பாக்கி என்று ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது என்பது பார்சல்காரர்களின் சட்டம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு துப்பாக்கிச் சட்டம் அவருக்குப் பிடித்திருந்தது.

இரும்புக் கடையில் ஒரு ஓரமாகப் பார்சல் கவுன்ட்டர். அதைப் பார்த்துக்கொள்பவள் ட்ரூடி.

"உள்ள என்ன மிஸ்டர் ஆர்லிஸ்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முணுமுணுத்தார்.

"ஓ, அதுவா. குண்டு கிண்டு உள்ள இல்லையே?"

"இல்ல. ட்ரூடி, இது நமக்குள்ள இருக்கட்டும்."

"இந்த கவுன்ட்டர்ல நடக்குறதை நான் வெளிய சொல்ல ஆரம்பிச்சா ஊர்ல பாதி வீட்டுல விவாகரத்துதான். நீங்க தைரியமாப் போங்க."

தைரியம் பெட்டிக்குள் போய்விட்டதே, எங்கிருந்து வரும்? இடுப்பில் உறை தொளதொளவென்று ஆடியது. துப்பாக்கி இல்லாத ஆர்லிஸ் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் கேட்டில் தொங்கும் பலகையே பல்லை இளிக்கும். தோட்டக் குழாயின் முனையில் மாட்டி, பிடியை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுமே, அந்தக் கறுப்பு நாசிலைக் கழற்றி உறைக்குள் செருகினார். சட்டையை மேலே இழுத்துவிட்டால் சாட்சாத் துப்பாக்கி.

"அப்ப என் ரோஜாச் செடிக்கு?" என்றாள் நோரீன்.

"வாளியில ஊத்து."

இரண்டு வாரம் கௌரவமாக ஓடியது. காலையில் டிராக்டரைக் கழுவ மட்டும் நாசில் குழாய்க்குப் போய்த் திரும்பும். அப்புறம்தான் ஆர்லிஸ் வேலியோரம் வளர்த்த பீகன் கொட்டை மரத்தின் கிளை விழுந்தது. விழவில்லை, வெட்டப்பட்டது. வெட்டியவர் வேலிக்கு அந்தப் பக்கத்து லாய்ட் ஸ்க்ரக்ஸ். ஆர்லிஸ் எந்த டிராக்டர் வாங்கினாலும், எந்தத் தொப்பி வாங்கினாலும் மறு வாரமே அதையே வாங்கி வந்து நிற்கும் மனிதர். ஆர்லிஸ் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மரத்திலேயே அதிகம் காய்க்கும் கிளையை ரம்பத்தால் அறுத்துத் தள்ளியிருந்தார்.

டாலியின் சாப்பாட்டுக் கடையில் லாய்ட், பிஸ்கெட் என்று அங்கே சொல்லும் மெத்து ரொட்டியைக் கிரேவியில் தோய்த்துக்கொண்டிருந்தபோது ஆர்லிஸ் அவர் மேஜை முன் போய் நின்றார்.

"என் மரத்துல கை வைக்க உனக்கு யாருய்யா உரிமை குடுத்தது?"

"மரம் உன்னுது. கிளை என் கொட்டகைக் கூரை மேல படர்ந்துச்சு."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டக் கூடாதா?"

"உன்கிட்ட எங்கய்யா கேக்குறது?" என்று லாய்ட் எழுந்தார். "வாயைத் திறக்குறதுக்குள்ள உன் கை இடுப்புக்குப் போயிடுது. இப்பப் பாரு, எங்க இருக்குன்னு."

அங்கேதான் இருந்தது. லாய்டின் கையும் தன் இடுப்புக்குப் போனது. பாஸ்டர் ஹோபர்ட் பக்கத்து மேஜையில் காபியைப் பாதி தூக்கினபடி அப்படியே இருந்தார்.

ஆர்லிஸுக்குக் காதுக்குள் கொதித்தது. துப்பாக்கி ஊரில் இல்லை என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கை தானே உறைக்குள் இறங்கிப் பிடியைப் பற்றியது. விரல் விசையைத் தேடி, கிடைத்ததை அழுத்தியது.

நாசிலில் தங்கியிருந்த தண்ணீர் ஜில்லென்று தொடையில் இறங்கியது.

அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. லாய்டின் பார்வை ஒரு கணம் அவருடைய பேன்ட்டுக்கு இறங்கி மறுபடி முகத்துக்கு வந்தது. லாய்ட் கையை மெதுவாக இடுப்பிலிருந்து எடுத்தார்.

"போதும் ஆர்லிஸ். வீட்டுக்குப் போ," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டருக்குப் பிரசங்கம் தேட வேண்டியிருக்கவில்லை. "இரண்டு பேரும் ஆயுதம் தரித்திருந்தார்கள். அதனால்தான் இரண்டு பேரும் நிதானம் காத்தார்கள். ஆயுதம்தான் அமைதி," என்று முழங்கினார். ஊர் ஆமென் போட்டது. ஆர்லிஸ் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அழுத்தியது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு கிளைக்காக ஒரு ஆளைக் கொல்லத் துணிந்துவிட்டார்.

அது போதாதென்று இன்னொரு பயம். லாய்ட் அந்த ஈரத்தைப் பார்த்தானா? பார்த்திருந்தால் டாலியின் கடையில் வருஷக்கணக்கில் ஓடும் கதை அது. ஆர்லிஸ் கடைக்குள் நுழையும்போதெல்லாம் அந்தக் கிண்டலை எதிர்பார்த்தார். வரவேயில்லை.

பார்சல் வந்துவிட்டதென்று ட்ரூடி போன் செய்தாள். அவர் போனபோது கவுன்ட்டரில் அதே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்றில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் லாய்ட்.

ஆர்லிஸ் பெட்டியைப் பார்த்தார், லாய்டைப் பார்த்தார். "உன்னுதுமா?"

"நீ வாங்கினதைத்தானே நானும் வாங்கினேன்."

"எப்ப அனுப்பினே?"

"கிளையை வெட்டுறதுக்கு முந்தியே."

"அப்ப அன்னிக்கு உன் இடுப்புல?"

லாய்ட் காது சிவக்கச் சட்டையைத் தூக்கிக் காட்டினார். துப்பாக்கி மாதிரிப் பிடியும் விசையும் வைத்த, மாட்டுக்கு ஊசி போடும் கருவி. ஆர்லிஸும் தன் சட்டையைத் தூக்கினார். ட்ரூடி அவசரமாகக் குனிந்து எதையோ தேடினாள். தோள் மட்டும் குலுங்கியது.

"நாசிலா?" லாய்ட் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப அந்த ஈரம் தண்ணியா? நான் வேற என்னமோன்னு நெனைச்சேன்யா."

"பாத்துட்டியா? பாத்துட்டு யார்கிட்டயும் சொல்லலையா?"

"அதையெல்லாம் போய் எப்படிச் சொல்றது? நாளைக்கு நீ எப்படி டாலி கடைக்கு வருவே?"

இந்த மனிதனைத்தான் சுடப் பார்த்தார்.

"லாய்ட், அன்னிக்கு அது நாசில்னு எனக்கு மறந்துபோச்சு. நான் அழுத்திட்டேன். அதான் ஈரம்."

லாய்டின் சிரிப்பு நின்றது. ஊசிக் கருவியின் விசையைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கும் மறந்துதான் இருந்துச்சு," என்றார். "உன் பேன்ட்டைப் பாக்கலேன்னா நானும்தான்."

ஆர்லிஸ் பெட்டியைப் பிரித்தார். துப்பாக்கிமேல் ஒரு அட்டை. கோளாறு நீக்கப்பட்டது, இனி விசையை நீங்கள் அழுத்தினால் மட்டுமே வெடிக்கும் என்றிருந்தது.

"ட்ரூடி, இதைத் திருப்பி அனுப்ப முடியுமா?"

"என்ன கோளாறுன்னு கேப்பாங்களே."

"நான் அழுத்தினா வெடிக்குமாம்."

"அதுக்கு அவங்ககிட்ட ஸ்பேர் பார்ட் இல்ல மிஸ்டர் ஆர்லிஸ்."

லாய்ட் ட்ரூடியிடம் டேப்பை வாங்கினார். ஆர்லிஸின் பெட்டியை மூடி இறுக்கி ஒட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தன் பெட்டியை ஆர்லிஸ் பக்கம் தள்ளினார்.

"உன்னுது என் வீட்டுல இருக்கட்டும், என்னுது உன் வீட்டுல. பிரிக்காம வச்சுக்கோ. வேணும்னா வந்து கேக்கணும்."

"ஒரு வார்த்தை கேட்டுட்டு," என்றார் ஆர்லிஸ்.

"கேட்டுட்டு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் ஹோபர்ட் அவர்கள் இடுப்பில் புடைத்திருந்ததைச் சபைக்கே சுட்டிக்காட்டி, ஆயுதம்தான் அமைதி என்று மறுபடி முழங்கினார். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவர்கள் அவர்கள் இருவர்தான். நோரீன் தன் ரோஜாச் செடிகளுக்கு வேறு நாசில் வாங்கிக்கொண்டாள்.