கரியில் எழுதிய புருவம்

வியாகுல மாதாவின் கன்னத்தில் கொப்புளம் எழும்பியிருந்ததைக் கண்டதும் கத்தரினாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அது பாவம் என்று தெரியும். தெரிந்தும் வந்தது.

எத்தாளை ஊருக்கு அப்பால், கடலோரம் உள்ள அந்தச் சிறிய கோயிலில், திருவிழாவுக்கு முன் மாதாவின் மரச்சொரூபத்துக்கு முகம் எழுதுவது ஒரு பெண்ணின் வேலை. பழைய பூச்சைத் தேய்த்து அழித்து, புதிதாகப் பூசி, கண்ணும் புருவமும் வரையவேண்டும். கல்யாணம் முடித்து வந்த காலம் தொட்டு அதைச் செய்தவள் கத்தரினா. போன வருடம் அவள் கை முறிந்திருந்ததால், கணவனின் தங்கை அனுஷ்கா எழுதினாள். "மாதா இப்பதான் எங்களைப் பாக்குறா" என்றது ஊர். கை சுகமான பிறகும் கத்தரினாவை யாரும் கேட்கவில்லை.

கொப்புளத்தைக் கண்ட பங்குத்தந்தை கொழும்பு ஆய்வுகூடம் ஒன்றுக்குச் சொல்லி அனுப்பினார். வந்தவள் புத்தளத்துப் பெண், ஜுமானா. எக்ஸ்-கதிர்க் கருவியைச் சொரூபத்தின் அருகே பிடித்து, எந்த நிறத்தில் என்ன உலோகம் இருக்கிறதென்று பார்த்தாள். அங்கியின் நீலம் வள்ளத்துக்குப் பூசும் பெயின்ட் என்றதும் கத்தரினாவின் கணவன் நிக்கொலஸ் சிரித்தான்.

"என்ட வள்ளத்துல மிஞ்சினதுதான். மாதாவும் கடலுக்குப் போறவதானே!"

"அதை விடுங்க. முகம் ஏன் கொப்பளிச்சது, பிள்ளை?" என்றாள் கத்தரினா.

ஜுமானா உருப்பெருக்கியால் கன்னத்தைப் பார்த்தாள். "கீழ்ப் பூச்சைத் தேய்க்கவே இல்ல அக்கா. வழுவழுண்டு இரிக்கி. மேல பூசினது எப்பிடிப் பிடிக்கும்?"

பங்குத்தந்தை அனுஷ்காவைப் பார்த்தார். "தேய்க்கேல்லையா?"

"இல்ல ஃபாதர்." அவள் தலை குனிந்துகொண்டாள்.

"கண் எழுதிப் பேர் எடுக்கிறது லேசு," என்றாள் கத்தரினா. "தேய்க்கத்தான் கை நோகும்."



ஜுமானா அகச்சிவப்புக் கமராவைப் பொருத்தினாள். திரையில் அனுஷ்கா வரைந்த புருவங்கள் மறைந்தன. அவற்றின் அடியிலிருந்து வேறு புருவங்கள் எழுந்து வந்தன. "மேல உள்ளது காவி, இந்தக் கமராவுக்குப் பெரிசாத் தெரியாது. கீழ இரிக்கிறது கரி. அது மறையாது."

விளக்குக் கரியைக் குழைத்துப் புருவம் எழுதுகிறவள் கத்தரினாதான். இமையும், கன்னத்துக் கண்ணீர்த்துளியும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. வருடாவருடம் தன் கையாலேயே தேய்த்து அழித்த முகம், கடைசியாக எழுதியது மட்டும் அழியாமல் அடியில் கிடந்தது.

"கட்டுப்போட்ட கையோட பக்கத்துல வந்து நிண்டீங்களே மச்சாள்," என்றாள் அனுஷ்கா. "நீங்க பாத்துக்கொண்டு நிக்க, நீங்க எழுதின முகத்தை எப்பிடித் தேய்க்கிறது? மனம் வரேல்ல."



"இனி யாரும் தேய்க்கவும் வேணாம், பூசவும் வேணாம்," என்றாள் ஜுமானா. "தேய்ச்சுத் தேய்ச்சு மரமே மெலிஞ்சிட்டு. ஒரு முகம்தான் நிரந்தரமா இரிக்கும். மேல உள்ளதைக் கழட்டினா கீழ உள்ளது வரும். இல்லாட்டி கொப்புளத்துக்குப் பசை விட்டு இதையே ஒட்டலாம். எதுண்டு செல்லுங்க."

"இவ்வளவு காலம் எழுதினது கத்தரினா. அவளே சொல்லட்டும்," என்றார் பங்குத்தந்தை.

ஆசைப்பட்டதெல்லாம் கையில் வந்து விழுந்திருந்தது. கத்தரினா திரையைப் பார்த்தாள். பிறகு சொரூபத்தைப் பார்த்தாள். அனுஷ்கா எழுதிய கண்கள்தான் நல்ல கண்கள். அந்த உண்மை இப்போதும் முள்ளாய்க் குத்தியது.

"ஒட்டுங்க பிள்ளை," என்றாள். "அவள்ட முகம் இருக்கட்டும்."

"மச்சாள்..."

"நீ சும்மா இரு. ஏசினதை மனசுல வைக்காத."

ஜுமானா மெல்லிய ஊசியால் பசையை விட்டாள். அது பிடிக்கும்வரை யாராவது பஞ்சால் அழுத்திக்கொண்டிருக்கவேண்டும் என்றாள். கத்தரினா முன்னே போய்ப் பஞ்சை வாங்கிக் கன்னத்தில் கையை வைத்தாள். பொறாமை முழுதாகப் போய்விடவில்லை. கடவுள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பார் போலும்.

"சரி அக்கா, இனிக் கைய எடுக்கலாம்."

"இன்னும் கொஞ்சம் பிடிக்கட்டும்," என்றாள் கத்தரினா.