நாற்பத்திரண்டாம் பாட்டில்

நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் அவளுக்குக் கடுகு என்று பெயர். ஆளும் சின்னவள், சூடு பட்டால் வெடிக்கவும் வெடிப்பாள். அந்தக் கட்டடத்துக்குள் மூளையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வராத ஒரே ஆள் தான்தான் என்பது அவளுடைய அசைக்க முடியாத கருத்து. அதை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

ஏரிக்கு மேலே சரிவு முழுக்க மாட்டுப் பண்ணை. மழை வரப்போகிறது என்று வானொலி வாயைத் திறந்தால் போதும், பண்ணை முதலாளி டேங்கர்களைக் கிளப்பிவிடுவார். குழியில் தேங்கிய சாணக்கரைசல் அத்தனையையும் வயலெங்கும் பீய்ச்சி அடிப்பார்கள். மழை பெய்து எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு வாய்க்கால் வழியே ஏரியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். குழியும் காலி, கூலியும் மிச்சம். ஏரி மட்டும் பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது போல் பாசி பிடித்துக் கிடக்கும். கேட்டால், "மழை பெஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்? மழை மேல கேஸ் போடுங்க" என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். பக்கத்தில் நிற்கிற அதிகாரிகளும் சேர்ந்து சிரிப்பார்கள். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்.

அந்தப் பாசியில் நஞ்சு உண்டு. அதனால் ஆறு வாரமாக ஏரியில் யாரும் இறங்கக் கூடாது என்று தடை. தடையை நீட்டிப்பதா எடுப்பதா என்பது கடுகு கொடுக்கும் பரிசோதனை முடிவைப் பொறுத்தது. ஊரில் பாதிப் பேர் அதற்காகக் காத்திருந்தார்கள். எல்லோரையும் விட அதிகமாகக் காத்திருந்தவள் அவளுடைய தங்கை. முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். தினமும் நீந்தினால்தான் கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரத்தில் அந்தக் கால் கட்டை போல் விறைத்துப்போயிருந்தது.

தண்ணீர் எடுக்கப் போகும்போது கடுகு எப்போதும் இரண்டு பாட்டில் கொண்டுபோவாள். ஒன்றில் ஏரித் தண்ணீரைப் பிடிப்பாள். மற்றதில் ஆய்வுக்கூடத்திலேயே காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீர் இருக்கும். அதைக் கரை வரைக்கும் தூக்கிப்போய், மூடியைத் திறந்து மூடி, அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். அந்தத் தண்ணீரிலும் நஞ்சு தெரிந்தால் பாட்டில் அழுக்கு, இல்லையென்றால் கை அழுக்கு என்று பொருள். அது சுத்தமாக இருந்தால், ஏரித் தண்ணீரில் தெரிவது ஏரியின் நஞ்சுதான், சந்தேகமே வேண்டாம். பாட்டில்களின் மேல் எண் மட்டும்தான் இருக்கும். எது எந்தத் தண்ணீர் என்பது அவளுடைய நோட்டில் இருக்கும். அலுவலகத்தின் பழைய தலைவருக்கு இதெல்லாம் அத்துப்படி. புதியவர் வீட்டு வரி அலுவலகத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதால், வந்த ஒரு மாதத்திலேயே ஆமாஞ்சாமி என்று பெயர் வாங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை கடுகு முடிவில் கையெழுத்திட்டு ஆமாஞ்சாமிக்கு அனுப்பினாள். நாற்பத்தொன்றாம் பாட்டிலில் நஞ்சு, அனுமதித்த அளவைப் போல் பதினோரு மடங்கு. நாற்பத்திரண்டில் பூஜ்யம். அவ்வளவுதான் தாளில்.

மதியம் ஆமாஞ்சாமி தாளைப் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். கண்ணாடிக் குடுவைகளைத் தட்டிவிடுவோமோ என்று கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ரெண்டு பாட்டில்ல ஒண்ணு மோசம்னு இருக்கு, ஒண்ணுல ஒண்ணுமே இல்லேன்னு இருக்கு. எனக்குப் புரியல."

"புரியாதுதான் சார்."

"பண்ணை முதலாளி என் ரூம்ல உக்காந்திருக்காரு. ஒரு பாட்டில் சுத்தம்னா ஏரி சரியாகிட்டு வருதுன்னுதானே அர்த்தம்னு கேக்கறாரு."

கடுகுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஏரியை நாசமாக்கியவன் நாற்காலியில் உட்கார்ந்து விளக்கம் சொல்கிறான், சம்பளம் வாங்குகிறவர் அதைச் சுமந்துகொண்டு வருகிறார்! இருபது வருடம் இந்த மேசையில் நின்று கால் கடுத்தவள் இவருக்குப் பாலர் வகுப்பு எடுக்க வேண்டுமா?

"அவருகிட்டயே கேட்டுக்குங்க சார். எல்லாம் தெரிஞ்சவராச்சே."

"இல்ல மேடம், நீங்க சொல்லுங்க. நான் எதை எடுத்துக்கறது?"

"உங்க தகுதிக்கு எது தோணுதோ அதை எடுத்துக்குங்க" என்று சொல்லி, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில் கழுவத் தொடங்கினாள். அவர் செருப்புச் சத்தம் கேட்காமல் வெளியே போனார். கடுகுக்கு மனசு குளிர்ந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பதிலை நினைத்து நினைத்து ரசித்தாள். மாலை தங்கை இரண்டு தடவை போன் செய்தாள். திறப்பார்களா, மாட்டார்களா என்று நச்சரிப்பாள், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று கடுகு எடுக்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தங்கை கணவரின் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்.

கட்டிலில் படுத்திருந்தவளைக் கடுகுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. உதடுகள் வீங்கியிருந்தன, கழுத்தெல்லாம் தடிப்பு. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை வாந்தி எடுத்தாயிற்று. ஈரல் பாதித்திருக்கிறதா என்று மூன்று நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"அறிவு இருக்காடி உனக்கு? தடை போட்ட ஏரியில யாராவது இறங்குவாங்களா?"

"எடுத்துட்டாங்கக்கா. கரையில போர்டு வெச்சிருந்தாங்க. உன் தாளையே ஒட்டியிருந்தாங்க. பூஜ்யத்துக்குக் கீழ சிவப்பு மையில கோடு, அதுக்குக் கீழ உன் கையெழுத்து. மேல இருந்த எண்ணைப் பழைய கணக்குன்னு நெனச்சேன். அதைப் பாத்துட்டுத்தான் இறங்கினேன்."

கடுகு உடனே அலுவலகக் காவலாளிக்குப் போன் போட்டு, போர்டைப் பிடுங்கி எறி, தண்ணீரில் ஒரு ஆள் இல்லாமல் விரட்டு என்று கத்தினாள். போனை வைக்கும்போது வாசலில் ஆமாஞ்சாமி நின்றார். அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானைக் கூட மாற்றிப் போட்டிருந்தார். அவரைக் கிழித்துத் தோரணம் கட்ட வாயெடுத்தாள்.

"மேடம்" என்றார் அவர், அழுதுவிடுவார் போலிருந்தது. "நான் உங்ககிட்ட வந்து கேட்டேனே மேடம்."

கடுகு கட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் இன்னும் ஏதோ சொல்லப் பார்த்து, முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

தங்கை கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள். "என்னக்கா கேட்டாரு?"

கடுகு எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டில், எண், நோட்டு, முதலாளி, தான் சொன்ன பதில். நேற்று அத்தனை ருசித்த பதில் இப்போது வாயில் வரவே கூசியது. "சரியான முட்டாள்டி அந்த ஆளு" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

தங்கை குமட்டலை அடக்கிக்கொண்டாள்.

"முட்டாளுன்னு தெரியுதில்ல? அப்ப அவருக்குத்தானேக்கா சொல்லியிருக்கணும்?"

தங்கை மறுபடி எழுந்து உட்காரத் தவித்தாள். கடுகு வாந்திப் பாத்திரத்தைத் தூக்கி அவள் வாயருகே பிடித்தாள்.